ரோட்டில் காய்ந்த உளுந்து

தடயவியல் அதிகாரி தமயந்தியிடம் வேலை பழக வந்த இமானுவேலுக்கு வயது அவரைவிட அதிகம். அவசரமும் அதிகம்.

கரிசல் காட்டுச் சாலையில் வேன் மோதி, ரோட்டோரத்து வீட்டுக்காரர் இறந்துபோனார். டிரைவர் சிறையில் இருந்தார். பிரேக் போட்டபோது டயர் இழுபட்ட தடத்தை, போலீசார் அன்றைக்கே வெள்ளைக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். மறுநாள் போன இமானுவேல் கோட்டை அளந்தார். தார் ரோட்டின் உராய்வுக்குப் புத்தகத்தில் இருந்த எண்ணைப் போட்டுக் கணக்கை முடித்தார்.

“எழுபதைத் தாண்டி வந்திருக்கான் மேடம். அங்க அறுபதுக்கு மேல போகக் கூடாது. ஆள் தப்பிக்க முடியாது.”

“உராய்வை இழுத்துப் பாத்தீங்களா?”

“தார் ரோடுதானே மேடம். எந்த ஊர்லயும் தார் தார்தான்.”

தமயந்தி டயர்த் துண்டு பதித்த கனமான கட்டையையும் சுருள்வில் தராசையும் ஜீப்பில் ஏற்றச் சொன்னார்.

கோடு போட்ட இடத்தில் இமானுவேல் கட்டையை இழுத்தார். தராசு புத்தகத்தின் பக்கமே பேசியது. அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

தமயந்தி ரோட்டோர மண்ணிலிருந்து ஒரு காய்ந்த உளுந்து நெற்றை எடுத்தார்.

“இது அறுப்பு மாசம். இங்க உளுந்தை எங்க அடிக்கிறாங்க?”

இமானுவேல் சுற்றிலும் பார்த்தார். களம் எதுவும் இல்லை. செடியை ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வண்டிகள் அடித்துக் கொடுத்துவிடும். அவரும் அந்தப் பக்கத்து ஆள்தான், அவருக்குத் தெரியாததல்ல. விபத்து நடந்த அன்றைக்கு, போலீஸ் வருமுன் ஊர்க்காரர்கள் பயந்து செடியைக் கூட்டி அள்ளியிருக்கிறார்கள்.

தமயந்தி இறந்தவரின் வீட்டுக்குப் போனார். அவர் மனைவி பொன்னுத்தாய் வாசலுக்கு வந்தார்.

“அம்மா, ஒரு கட்டு உளுந்துச் செடி வேணும். ரோட்டுல போட்டு இந்தக் கட்டையை இழுத்துப் பாக்கணும். வண்டி என்ன வேகத்துல வந்துச்சுன்னு தெரியணும்.”

பொன்னுத்தாய் ஒரு கட்டுச் செடியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

இமானுவேல் செடியைப் பரப்பினார்.

“அன்னைக்கு இம்புட்டு மெலிசா இல்ல சார்,” என்றார் பொன்னுத்தாய். இன்னொரு கட்டுச் செடியை எடுத்துவந்து, வெள்ளைக் கோட்டுக்கு நடுவே தன் கையாலேயே கனமாகப் பரப்பினார். திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

இப்போது கட்டை சர்ரென்று வழுக்கியது. இமானுவேல் விழப் பார்த்தார். ஜீப்பில் உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டார். ஐம்பத்திரண்டு வந்தது.

அவருக்கு மனசு கனத்துப் போனது.

“மேடம், இதை எழுதினா புருஷன் செத்ததுக்கு அந்தம்மாவே காரணம்னு ஆயிடும். பாவம். தார்னே எழுதிடலாமே?”

தமயந்தி தராசைத் துடைத்து உறையில் போட்டார்.

“நாம கேட்டது ஒரு கட்டுதான் இமானுவேல். எவ்வளவு கனமா கிடந்துச்சுன்னு நாம கேக்கவே இல்லையே. அவங்களாத்தானே வந்து பரப்பிக் காட்டினாங்க.”