பன்னிரண்டாவது துப்பறிவாளன்

“டீச்சர், நீங்க எதையோ மறைக்கீங்க.”

ஜெசிந்தா தலை தூக்கவில்லை. கட்டைவிரல் உயரமுள்ள பிளாஸ்டிக் சிப்பாய் ஒருவனின் துப்பாக்கியை அறுத்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கி போனால் கைத்தடி. இரும்புத் தொப்பி போனால் விளிம்பு வைத்த தொப்பி. சிப்பாய் துப்பறிவாளன் ஆகிவிடுவான். பழைய கொலைக்கதைகளில் வருகிற ஆட்களை அவள் இப்படித்தான் செய்வாள்.

“என்னத்த மறைக்கேன் அண்ணாச்சி?”

“தெரிஞ்சா நான் எதுக்குக் கேக்கேன்?”

சங்கிலிமுத்துவுக்கு ஐம்பத்துமூன்று வயது. டீச்சருக்கு முப்பது. பழைய இரும்புக் கடையை மூடிவிட்டு இந்த வேலை பழக வந்தவர்.

அறுக்க வந்தது. தொப்பி வைக்க வந்தது. கோட்டு மடிப்பில் நிழல் அடிக்கக்கூட வந்தது.

கண் மட்டும் வரவில்லை.

முகமே மிளகு அளவுதான். கண் அதில் ஒரு புள்ளி. அவர் வைத்த புள்ளி ஒவ்வொன்றும் கன்னம் வரை பரவியது. பதினொரு துப்பறிவாளர்கள் அடிவாங்கியவர்கள் மாதிரி வரிசையாக நின்றார்கள்.

சேர்ந்த அன்றைக்கே டீச்சர் சொல்லியிருந்தாள். “பன்னிரண்டு தலை தருவேன். ஒண்ணுலகூடக் கண்ணு திறக்கலைன்னா, வீட்டுக்குப் போயிரணும்.”

மீதி ஒரு தலை.

ஆறு மாதமாக அவளைக் கண்காணித்தார். தராசைத் தட்டிவிடுகிற கைகளைப் பிடித்துப் பிடித்தே பிழைத்தவர். அவள் விரல் பிடியை அளந்தார். சிரட்டைக் கரியில் அவள் அரைத்த கறுப்பை மோந்து பார்த்தார். அவள் கிண்ணத்துத் தண்ணீரையே தானும் ஊற்றிக்கொண்டார். ஒன்றும் அகப்படவில்லை.

ஆனால், கண் எழுதும்போது மட்டும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

“எதுக்குத் திரும்புதீங்க?”

“மரியாதைக்கு.”

“யாருக்கு? இந்தப் பொம்மைக்கா?”

“உங்களுக்கு.”

“என்கிட்டயே கதை விடுதீங்களா? உங்க பிரஷ்ஷைத் தாங்க. அதுலதான் சூது இருக்கு.”

“அதை மட்டும் தொடாதீங்க அண்ணாச்சி.”

“பாத்தீங்களா, மாட்டிக்கிட்டீங்க!”

பிடுங்கிவிட்டார்.

ஜெசிந்தா சண்டைக்கு வரவில்லை. பன்னிரண்டாவது தலையை எடுத்து அவர் முன்னால் நிறுத்தினாள்.

“எழுதுங்க.”

கறுப்பில் தோய்த்தார். முனை விளக்குமாறு மாதிரி விரிந்தது. முகத்துக்கு ஒரு நூலிழை தள்ளி அவர் கை நின்றுவிட்டது. இதுவும் பரவினால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“இதுலயும் ஒண்ணையும் காணோமே! என்ன ஏமாத்து வேலை இது?”

கத்திக்கொண்டே நிமிர்ந்தார். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

கீழுதட்டில் ஒரு கறுப்புப் புள்ளி.

சத்தம் இறங்கியது.

“இது எப்பலேருந்து இருக்கு?”

“தினமும்தான் இருக்கு. சாயங்காலம் கழுவிருவேன். நீங்க என் கையவே பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

பிரஷ் மெதுவாக அவர் உதட்டை நோக்கிப் போனது.

“ஐயோ அண்ணாச்சி, கழுவிட்டு வைங்க. அது என் எச்சில்.”

தண்ணீர்க் கிண்ணம் பக்கத்திலேயே இருந்தது.

“இருக்கட்டும்” என்று வாயில் வைத்தார்.

முனை ஊசியாகக் கூடியது.

புள்ளி, வைத்த இடத்திலேயே நின்றது.