முகில் அணிந்த குளிர்கவசம்

குழந்தைகளே, அருகில் வாருங்கள். பெரியவர்கள் யாராவது எட்ட உட்கார்ந்து கேட்டால் கேட்கட்டும். இது அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிற கதைதான்.

புல்லெல்லாம் பனியில் வெளுத்துப் போகும் ஒரு மலைநாட்டை வெகுகாலத்துக்கு முன்பு வெற்பன் என்ற அரசன் ஆண்டான். அவனிடம் முகில் என்றொரு நாய் இருந்தது. நீண்ட சாம்பல்நிற மயிர், பெரிய பாதம், சாதுவான முகம்.

ஒருமுறை அரசன் வேட்டைக்குப் போய்ப் பனிமூட்டத்தில் வழி தவறினான். இரவெல்லாம் முகில் அவன் மார்போடு ஒட்டிப் படுத்திருந்தது. அந்தச் சூட்டில்தான் அவன் உயிர் பிழைத்தான். திரும்பி வந்ததும் சபையில் சொன்னான்: “இனி முகிலுக்குக் குளிரே தெரியக் கூடாது.”

அதற்காக மூன்று அதிகாரிகளை நியமித்தான். நாயின் மயிரைச் சீவச் சீப்பு நாயகம். எண்ணெய் தடவ எண்ணெய் நாயகம். ஈரம் துவட்டத் துண்டு நாயகம்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாரைப் பாராட்டினாலும் கம்பளிச் சால்வை போர்த்துவார்கள். அரச குடும்பத்தார் கையால் போர்த்திய சால்வையை அவர்களே சொல்லும்வரை கழற்றக் கூடாது. விருந்தில் வியர்த்தாலும் கழற்றக் கூடாது. மூன்று நாயகங்களுக்கும் பதவியேற்ற அன்றே சால்வை கிடைத்தது.

மறுநாள் முகில் பனிப்புல்லில் புரண்டுவிட்டு வந்தது.

“முதலில் எண்ணெய் தடவுங்கள். எண்ணெய் இல்லாமல் சீப்பு இறங்காது” என்றார் சீப்பு நாயகம்.

“முதலில் துவட்டுங்கள். ஈரத்தில் எண்ணெய் ஒட்டாது” என்றார் எண்ணெய் நாயகம்.

“முதலில் சீவுங்கள். சிக்கோடு துவட்டினால் சிக்கு இன்னும் இறுகும்” என்றார் துண்டு நாயகம்.

மூவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆகவே மூவரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. பனிக்காலம் முற்றுவதற்குள் முகிலின் மயிர் திரிதிரியாகி, திரிகள் முடிச்சாகி, முடிச்சுகள் வறட்டியாகிவிட்டன.

ஒரு மாலை அரசன் நாயைத் தடவினான். கை சொரசொரத்தது. “இது என்ன, மரப்பட்டை மாதிரி இருக்கிறது?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சீப்பு நாயகம் தொண்டையைச் செருமினார்.

“குளிர்கவசம், அரசே. உயர்ந்த இனத்து நாய்களுக்கு மட்டும் பனிக்காலத்தில் உருவாகும். அதைத் தொந்தரவு செய்யாமல் காத்து வருகிறோம்.”

அரசன் நெகிழ்ந்து போனான். மூவருக்கும் இன்னொரு சால்வை போர்த்தினான். முகிலுக்கும் ஒன்று போர்த்தினான்.

அடுத்த வாரம் முகில் விறைத்து விறைத்து நடந்தது. “கவசம் இறுகுகிறது, அரசே” என்றார் எண்ணெய் நாயகம். ஆளுக்கொரு சால்வை.

அதற்கடுத்த வாரம் முகில் அடுப்போரத்தில் படுத்தும் நடுங்கியது. “நடுக்கம் அல்ல, அரசே, வீரத் துடிப்பு” என்றார் துண்டு நாயகம். ஆளுக்கொரு சால்வை.

பிறகு ஒரு காலையில் முகில் எழுந்திருக்கவில்லை. கஞ்சியை முகர்ந்துவிட்டுத் தலையைக் கீழே வைத்துக்கொண்டது.

அரசி மருதி குனிந்து ஒரு முடிச்சுக்கு அடியில் விரலை நுழைத்தாள். உள்ளே தோல் தவளை வயிறு போலச் சில்லிட்டு ஈரமாக இருந்தது. ஓரிடத்தில் புண். அவள் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“மயிர் உதிரியாக இருப்பதைவிட இறுகிக் கிடந்தால்தான் குளிர் தாங்குமா?”

“சந்தேகமே வேண்டாம், தாயே” என்றார்கள் மூவரும்.

“அப்படியானால் உங்கள் சால்வைகளை எடுத்து வாருங்கள். கவசம் கண்டுபிடித்தவர்களுக்குக் கவசம் இல்லாமல் இருக்கலாமா?”

அரசி அவற்றை ஓடை நீரில் நனைத்தாள். முறுக்கினாள், முடிச்சிட்டாள், கட்டையால் நன்றாக அடித்தாள். சபை கூடியிருந்த முற்றத்தில், பனிக்காற்றில், தன் கையாலேயே மூவருக்கும் போர்த்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள். கழற்ற வழியில்லை.

முதலில் சீப்பு நாயகத்தின் பல் தந்தியடித்தது. பிறகு எண்ணெய் நாயகத்தின் முழங்கால் ஆடியது. துண்டு நாயகம் முழுதாகவே ஆடினார்.

“ஏன் இவர்கள் நடுங்குகிறார்கள்?” என்றான் அரசன்.

“வீரத் துடிப்பாக இருக்கும்” என்றாள் மருதி.

“தாயே,” என்று முனகினார் துண்டு நாயகம், “இது கவசம் இல்லை. ஈரச் சாக்கு. காய்கிற வழியும் இல்லை, சூடு தங்குகிற வழியும் இல்லை. கழற்றச் சொல்லுங்கள்.”

“முகில் இதைத்தான் ஒரு மாதமாகச் சொல்கிறது” என்றாள் அவள். “கழற்றுங்கள்.”

அரசனின் முகம் கறுத்தது. “கத்தரியைக் கொண்டு வா. எல்லா மயிரையும் வெட்டி எறிகிறேன்.”

“இந்தப் பனியில் வெட்டினால் வெற்றுத் தோலோடு விறைத்துப் போகும்” என்றாள் மருதி. “இவர்கள் சோம்பலுக்குக் கவசம் என்று பெயர் வைத்தார்கள். நீங்கள் அவசரத்துக்கு அக்கறை என்று பெயர் வைக்காதீர்கள். உட்காருங்கள்.”

அரசன் அடுப்பருகே உட்கார்ந்து முகிலின் தலையை மடியில் வைத்துக்கொண்டான். துண்டு நாயகம் ஈரத்தை ஒற்றி எடுத்தார். காய்ந்த பிறகு எண்ணெய் நாயகம் முடிச்சுகளில் எண்ணெய் விட்டார். அரசி விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தோலோடு ஒட்டிக்கொண்ட சிலவற்றை மட்டும் கத்தரித்தாள். புண்ணுக்கு மஞ்சள் குழைத்துப் பூசி, வெட்டிய இடங்களை உலர்ந்த துணியால் மூடினாள்.

பிறகு சீப்பைக் கேட்டாள். சீப்பு பட்டு உறைக்குள் இருந்தது. அதன் பல்லில் ஒரு மயிர்கூட இல்லை. சபையே அதைப் பார்த்தது. சீப்பு நாயகம் தரையைப் பார்த்தார்.

பொழுது சாயும் நேரத்தில் முகில் எழுந்து உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது. கஞ்சிக் கிண்ணத்தை நக்கியே மெருகேற்றிவிட்டு, அரசனின் மார்போடு ஒட்டிப் படுத்தது.

“அரசே,” என்று மெல்ல ஆரம்பித்தார் சீப்பு நாயகம், “பின்னங்காலில் இன்னும் ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. இதை நாம் வெற்றிச் சின்னம் என்று…”

அரசன் அவர் கையில் சீப்பைக் கொடுத்தான்.

குழந்தைகளே, செய்யாமல் விட்ட வேலைக்குச் சிறப்பான பெயர் வைத்தால், அந்தப் பெயரைச் சுமந்து நடுங்குவது வாயில்லாத வேறோர் உயிர்தான்.