கைக்குட்டை அளவு காடு

கோயம்புத்தூரில் ஒரு வீடியோ கேம் போட்டி. தையல் கடையில் காஜா எடுக்கும் தில்லைநாயகி, ஓய்வு நேரத்தில் தானே உருவாக்கிய விளையாட்டோடு வந்திருந்தாள். நடுவர் கேசவமூர்த்தி ஒரு பெரிய கேம் கம்பெனிக்கு முதலாளி. அவளுடைய விளையாட்டில் இருந்த காட்டைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"என் கேம்ல காடு மட்டும் நூறு ஏக்கர். இது கைக்குட்டை அளவுதான் இருக்கு! இதுக்குள்ள என்னை ஒரு மணி நேரம் சுத்த வச்சிட்டா பரிசு உனக்குத்தான்."

அரங்கமே சிரித்தது. தில்லைநாயகி விளையாட்டை அவர் முன் திறந்து வைத்தாள்.

"சரிங்க சார். எங்க வேணாலும் போங்க, அந்த அருவிக்குப் பின்னால மட்டும் போயிராதீங்க."

அவர் நேராக அங்கேதான் போனார். பின்னால் ஒரு குகை. உள்ளே எங்கோ ஆட்டுக்குட்டி கத்தியது. குரலைத் தேடிப் போனால் பூட்டிய கதவு. சாவியோ கிணற்றுக்குள் மின்னியது. கிணற்றில் இறங்கினால் அங்கே இன்னொரு வழி! மனிதர் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார்.

"சார், ஒன்றரை மணி நேரம் ஆச்சுங்க," என்றாள்.

"சும்மா இரும்மா, குட்டி கத்துது!"

கைதட்டலில் அரங்கம் அதிர்ந்தது. அசடு வழியப் பரிசைக் கொடுத்தவர், "என் காட்டுல அப்படி என்னம்மா குறை?" என்று கேட்டார்.

"நூறு ஏக்கர் இருக்குங்க சார். போகாதீங்கன்னு சொல்றதுக்கு ஓர் இடம் இல்லீங்களே!"