எட்டாத தட்டு

வக்கீல் செண்பகவடிவிடம் தொழில் படிக்க வந்த ஞானதுரைக்கு வயது அறுபது. குருவுக்கு நாற்பத்திரண்டு. பள்ளிக்கூடத்தில் ஊரார் பிள்ளைகளையெல்லாம் கேள்வி கேட்டே மிரட்டிய வாத்தியார், ஓய்வுபெற்ற பிறகு கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ள வந்திருந்தார். காலையில் பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு அரக்கப்பரக்க ஓடி வருவார்.

அன்று உச்சிமாகாளியின் வழக்கு. சைக்கிளில் சுக்குக்காபி விற்றவர். பின்னால் வந்த வேன் மோதி இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவைத் தருகிறோம், பட்ட வேதனைக்கென்று தனியாக எதுவும் கிடையாது என்று இன்சூரன்ஸ் தரப்பு ஒற்றைக்காலில் நின்றது.

அந்தத் தரப்பு வக்கீல் கூண்டருகே வந்து குழைவாகக் கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, சொகமா இருக்கீயளா?"

உச்சிமாகாளி கைகூப்பினார். "உங்க புண்ணியத்துல நல்ல சொகம்யா."

"அவ்வளவுதான் ஐயா" என்று வக்கீல் உட்கார்ந்துகொண்டார். நீதிபதி சாப்பாட்டுக்கு எழுந்தார்.

ஞானதுரை வெளியே வந்ததும் உச்சிமாகாளி மேல் பாய்ந்தார். "வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருந்து முத்தா உதிர்ந்துரும்?"

"பெரிய மனுசன் சொகமான்னு கேக்காரு. அவருகிட்டப் போயி வலியவா சொல்லுவாவ? மரியாதையா இருக்குமாய்யா?"

ஞானதுரை தலையில் அடித்துக்கொண்டு குருவிடம் திரும்பினார். "எலும்பு முறிஞ்சதுக்கு எக்ஸ்ரே இருக்கு. வலியை எதை வச்சு மேடம் காட்டுறது?"

செண்பகவடிவு கோர்ட்டு வேப்பமரத்தடியில் பேப்பரை விரித்து, தூக்குச்சட்டியைத் திறந்தார்.

"மொதல்ல சாப்பிடுவோம். உக்காருங்க."

ஞானதுரை உட்கார்ந்தார். உச்சிமாகாளி உட்காரவில்லை. தட்டை வாங்கி, மரத்தில் சாய்ந்து நின்றபடியே பிசைந்தார். நாற்காலி கொண்டுவர எழுந்த ஞானதுரையின் கையைக் குரு பிடித்து அமர்த்தினார்.

"வீட்லயும் இப்படித்தானா அண்ணாச்சி?"

"ஆமாம்மா. இடுப்பு மடங்க மாட்டேங்கு. அவளும் பிள்ளையளும் கீழ உக்காந்திருப்பாவ. நான் அடுப்படிச் சுவத்துல சாஞ்சுக்கிடுவேன்." அவர் சிரித்தார். "சின்னவ என் தட்டுல இருந்துதான் திம்பா. இப்ப எட்டல. காலக் கட்டிக்கிட்டு அண்ணாந்து பாத்துக்கிட்டே நிப்பா."

ஞானதுரை தன் தட்டைத் தள்ளி வைத்தார்.

மதியம் கோர்ட் கூடியதும் செண்பகவடிவு எழுந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வீட்ல எப்படிச் சாப்பிடுதீய அண்ணாச்சி?"

உச்சிமாகாளி அதையே சிரித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். சின்னவளிடம் வந்ததும் சிரிப்பு நின்றுபோனது. மீதியைத் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"பிள்ளைக்கு என்ன வயசு?" என்றார் நீதிபதி.

"நாலு நடக்குய்யா."

"அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாம அப்படியே டைப் பண்ணும்மா" என்று நீதிபதி டைப்பிஸ்ட் பக்கம் திரும்பினார்.

சாயங்காலம் வராந்தாவில் இன்சூரன்ஸ் வக்கீல் தானாகவே வந்து நின்றார். "வேதனைக்கும் சேர்த்தே பேசிரலாம் மேடம். நியாயமா ஒரு தொகையை நாளைக்குச் சொல்லுங்க."

ஞானதுரைக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த வக்கீல் போனதும் குருவிடம் திரும்பினார்.

"நியாயமான தொகைன்னா எவ்வளவு மேடம்?"

செண்பகவடிவு தூக்குச்சட்டியைப் பைக்குள் வைத்தார்.

"இன்னைக்கு ராத்திரி பேத்தியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, தரையில உக்காந்து சாப்பிடுங்க சார். காலையில வந்து நீங்களே சொல்லுங்க."