பத்து எண்ணியவர்

பாக்கியநாதனுக்கு ஐம்பத்திரண்டு வயது. தண்ணீர் சோதிக்கும் கூடத்தில் அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த குரு இசக்கியம்மாளுக்கு முப்பதுதான்.

கருவி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், குளிர் அறையில் இருந்தது. இந்தப் பக்கம் கணினியிலிருந்து கட்டளை போகும். 'அள' என்றால் வரிசையில் நிற்கும் அடுத்த குப்பியை அளக்கும். 'சொல்' என்றால் எண்ணைச் சொல்லும். இரண்டுக்கும் நடுவே பத்து வினாடி பொறுக்க வேண்டும் என்று அன்று காலை முதன்முதலாகத் தம் கையாலேயே எழுதி ஓட்டினார் பாக்கியநாதன்.

புங்கங்குளத்துக் கிணற்றில் ஈயம் என்று வந்தது.

"கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். "பஞ்சாயத்துல மூணு மணிக்குள்ள முடிவு கேட்டிருக்காங்க, ஈயம்னா கிணத்தைப் பூட்டிருவாங்க. நாப்பது வீட்டுக்கும் அது ஒண்ணுதான்."

இசக்கியம்மாள் பேனாவை எடுக்கவில்லை. "அதுக்கு முந்தின குப்பி எது, அண்ணாச்சி?"

"நாமளே ஈயம் கலந்து வெச்சது. கருவி சரியா இருக்கான்னு பார்க்க."

"அது என்ன சொல்லிச்சு?"

"சைபர். முதல் தடவைல்லா, இன்னும் சூடு ஏறலைன்னு விட்டுட்டேன்."

குரு சுவரிலிருந்த பலகையைக் காட்டினார். அதில் நேற்றைய பத்துக் கிணறுகளின் பெயர்கள். "ஒவ்வொண்ணா அழிச்சு, இன்னைக்கு உள்ளதை எழுதுங்க."

எழுதினார். மூன்றாவது பெயரில் இருக்கும்போதே குரு பத்தையும் சத்தமாகப் படித்துவிட்டார்.

"அம்மா! கீழ இருக்கது நேத்து உள்ளதுல்லா!"

"பத்து வினாடி பொறுத்தேனே."

"பத்து வினாடியில எழுதிர முடியுமா? முடிஞ்சுதான்னு ஒரு வார்த்தை கேட்டா என்னவாம்?"

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. கிணற்றின் தலையில் ஏற்றியது முந்தின குப்பியின் எண்.

"கருவிகிட்டக் கேக்க முடியுமாம்மா?"

"உள்ள ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர்னு ஒண்ணு இருக்கு, கருவி தன் நிலைமையைக் குறிச்சு வைக்கிற இடம். எட்டுக் கட்டம். வேலை முடிஞ்சா அதுல ஒரு கட்டம் சைபர்லேருந்து ஒண்ணாகும். அது கை தூக்குறதுன்னு வெச்சுக்கிடுங்க."

பத்து வினாடியை எடுத்துவிட்டார். கட்டத்தைத் திரையில் வரவழைத்தார். ஏற்கெனவே ஒன்று என்றிருந்தது. அவசரமாக 'சொல்' பக்கம் விரல் போயிற்று.

"அது எப்போ தூக்கின கை, அண்ணாச்சி?"

விரல் நின்றது. அது காலையில் தூக்கியது. வரிசையை முதல் குப்பிக்கே திருப்பி, கட்டத்தைச் சைபராக்கினார். அதன் பிறகே 'அள' என்றார்.

சைபர். சைபர். பத்து வினாடி தாண்டியும் சைபர். பதினேழில் ஒன்றானது. ஈயம் கலந்த தண்ணீர் தன் எண்ணைத் தானே சொன்னது.

அடுத்தது புங்கங்குளம். மறுபடியும் சைபராக்கி, 'அள' என்றார். மணி இரண்டே முக்கால். கை கூப்பியபடி அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்று.

நல்ல தண்ணீர்.

குரு கையெழுத்துப் போட்டார். பஞ்சாயத்துக்குப் போன் செய்து முடித்துவிட்டு, பாக்கியநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கருவியைச் செல்லமாக முறைத்தார்.

"காலையிலேயே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா இது."

"சொல்லிச்சு அண்ணாச்சி. நீங்க அப்போ பத்து எண்ணி முடிச்சுப் போயிருந்தீங்க."