பெருமாளுக்கு ஒரு பூட்டு

பூவனூர் ராஜா வில்லவ பூபதியின் சபையில் நான்தான் விகடகவி. பெயர் சாரநாதன். சிரிக்கவேண்டும் என்று தோன்றினால் ராஜா என்னைக் கூப்பிட்டு அனுப்புவார். நான் சொல்வதைக் கேட்டுச் சிரிப்பார் என்று சொல்லமாட்டேன். நான் உள்ளே நுழைவதைப் பார்த்தே சிரித்துவிடுவார். எப்படியோ என் வேலை நடந்துவிடுகிறது. அதற்குச் சம்பளமாக வரும் நெல் எங்கள் வீட்டு எலிகளுக்கே பற்றாது.

அதனால் மாசித் திருவிழா வந்தால் என் மனைவி கோமளவல்லி மச்சு அறையை வெளியூர்க்காரர்களுக்கு விட்டுவிடுவாள். ஊரில் பாதி வீடுகளில் அப்படித்தான். தங்குகிறவர்கள் அரிசியோ காசோ கொடுத்துவிட்டுப் போவார்கள். அதை வைத்துத்தான் மழைக்கு முன் ஓடு மாற்றவேண்டும். அந்த வருஷம் ஓர் எண்ணெய் வியாபாரி குடும்பத்தோடு வந்தார். மச்சு அவருக்கு, என் கட்டில் அவர் மாமியாருக்கு, மாட்டுக்கொட்டில் எனக்கு. நான் விகடம் சொன்னால் மாடு தலையையாவது ஆட்டும். சபையில் அதுவும் கிடையாது.

நகரசபைத் தலைவர் தாண்டவராயருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஊர்ச் சத்திரத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அவருடைய மைத்துனர். அங்கே ஒரு தடவை படுத்தவர் மறுமுறை வரமாட்டார். மூட்டைப்பூச்சி அப்படி. தாண்டவராயர் ஒரு சட்டம் எழுதி, ராஜா வேட்டைக்குக் கிளம்பும் அவசரத்தில் முத்திரையும் வாங்கிவிட்டார்.

'வெளியாளை ஒரு மாதத்துக்குக் குறைவாகத் தம் இடத்தில் தங்கவைத்து, பதிலுக்கு எதையாவது பெற்றுக்கொண்டால், தங்குகிறவர் யாராக இருந்தாலும், தங்கவைப்பவர் யாராக இருந்தாலும், அந்த இடம் ஒரு வருஷம் பூட்டப்படும்.'

முதல் பூட்டு என் வீட்டுக்கு. விகடகவியையே வெளியேற்றினால் மற்றவர்கள் தானாக அடங்குவார்கள் என்பது அவர் கணக்கு. காவலன் ஒரு பெரிய பூட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"நாளைக்குச் சாயங்காலம் பூட்டணும் சாமி. இந்தக் கனத்தைத் தூக்கிட்டு அலைய முடியல. இங்கேயே வச்சுட்டுப் போறேன்" என்றான். 

நான் சபைக்கு ஓடினேன்.

ராஜா வருத்தத்தோடுதான் பேசினார். "முத்திரை வைத்தாயிற்று, சாரநாதா. உனக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் ஊர் சிரிக்கும்."

"ஊரைச் சிரிக்கவைப்பதுதானே மகாராஜா, என் வேலை?"

ஒருவரும் சிரிக்கவில்லை. தாண்டவராயர் மட்டும் சிரித்தார். அது என் விகடத்துக்கு இல்லை.

வீட்டில் கோமளவல்லி பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"போன காரியம் என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"விகடம் பண்ணினீங்களா?"

"பண்ணினேன்."

"அதான் ஆகல" என்றாள். ஒரு சொம்பைத் துணிக்குள் திணித்தாள். "குழந்தைகளைக் கூட்டிட்டு ஒரு வருஷம் எந்தத் தெருவுல நிக்கிறது? அந்தப் பெருமாளே திருவிழான்னா கோயிலை விட்டு ராஜா மண்டபத்துல வந்து தங்கறார். அவரைக் கேட்க ஆள் இல்ல. நம்மளைத்தான் கேப்பாங்க."

நான் அப்படியே நின்றேன். பிறகு பூட்டை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டேன். பின்னாளில் என் புத்தியை ஊரே மெச்சியது. அந்தப் புத்தி பாத்திரம் கட்டிக்கொண்டிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் காலை பெருமாள் பல்லக்கில் புறப்பட்டு, அரண்மனைத் தோட்டத்து வசந்த மண்டபத்துக்கு எழுந்தருளினார். திருவிழா முடியும்வரை அங்கேதான் இருப்பார். பட்டர் வழக்கப்படி ராஜாவின் தலையில் பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, கையில் பிரசாதம் கொடுத்தார். நான் பூட்டோடு மண்டப வாசலில் போய் நின்றேன்.

"என்ன இது?" என்றார் ராஜா.

"மகாராஜா, இந்த மண்டபம் யாருடையது?"

"என்னுடையது."

"பெருமாளுக்குச் சொந்த வீடு?"

"கோயில்."

"இங்கே ஒரு மாதம் இருப்பாரா?"

"திருவிழா முடிந்ததும் போய்விடுவார்."

"தங்கவைத்ததற்குத் தங்களுக்கு ஏதாவது கிடைத்ததா?"

ராஜாவின் கை தானாகப் பரிவட்டத்தைத் தொட்டது.

தாண்டவராயர் பாய்ந்து வந்தார். "பெருமாளும் எண்ணெய் வியாபாரியும் ஒன்றா?"

"எனக்கு இருவரும் ஒன்றல்ல. 'யாராக இருந்தாலும்' என்று எழுதியது நீங்கள். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், பூட்டு கனக்கிறது."

"பூட்டிவிட்டால் பெருமாள் எங்கே போவார்?" என்று ராஜா கேட்டார்.

"சத்திரம் இருக்கிறதே, மகாராஜா. தாண்டவராயரின் மைத்துனர் நல்ல அறையாகப் பார்த்து ஒதுக்குவார். மூட்டைப்பூச்சியைப் படைத்தவரும் பெருமாள்தானே? தாம் படைத்ததைத் தாமே ஒருமுறை அனுபவித்துப் பார்க்கட்டும்."

பட்டர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ராஜா சிரித்த சிரிப்பில் பரிவட்டம் அவிழ்ந்து மூக்குக்கு வந்துவிட்டது. சட்டம் அங்கேயே மாறியது. அறை விடுகிறவர்கள் வந்தவரின் பெயரைக் காவலனிடம் சொல்லி, வாசலில் ஒரு விளக்கு ஏற்றிவைத்தால் போதும். தாண்டவராயர் பூட்டைத் தாமே சுமந்துகொண்டு போனார்.

"உனக்கு ஒரு பரிசு தரவேண்டும்" என்றார் ராஜா. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முடிவு செய்துவிட்டார். "என் மாமனார் வீட்டார் இன்று வருகிறார்கள். அரண்மனையில் இடம் இல்லை. உன் வீட்டில் தங்கட்டும். தாராளமாகக் கொடுப்பார்கள்."

கோமளவல்லிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி வீடு முழுக்க ஓடு மாற்றலாம். மச்சில் எண்ணெய் வியாபாரி இருந்ததால் கூடமும் அறைகளும் ராஜாவின் மாமனார் வீட்டாருக்குப் போயின. சமையல்கட்டில் அவளும் குழந்தைகளும். கொட்டிலில் வந்தவர்களின் குதிரைகள். மாட்டைப் பக்கத்து வீட்டில் கட்டினோம். கடைசியில் மிஞ்சியது நான்தான். அவள் என் கையில் ஒரு பாயைக் கொடுத்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் பாயும் கையுமாகச் சத்திரத்து வாசலில் போய் நின்றேன். தாண்டவராயரின் மைத்துனர் பல்லெல்லாம் தெரிய எழுந்து வந்தார்.

"வாங்க, வாங்க. பெருமாளுக்குன்னு நீங்க சொன்ன அறை காலியாத்தான் இருக்கு."