குறைகிற சாமான்

மலையடிவாரத்தில் தெரஸ் என்றொரு மெக்கானிக் இருந்தாள். பெல்ட்டில் ஓடும் பேட்டரி பைக்குகளைப் பழுது பார்ப்பதில் கெட்டிக்காரி. அவளிடம் வந்து சேர்ந்த ஒரே சீடர் மாதேசன். வயதில் அவளுக்குச் சித்தப்பா போலிருப்பார். காலமெல்லாம் செயின் வண்டிகளைப் பிரித்துப் போட்ட கை. ஆனாலும் கௌரவம் பார்க்காமல் அவளை வாத்தியாரம்மா என்றே கூப்பிட்டார்.

அவர் கற்க வந்ததற்கு ஒரே காரணம் மனைவி ராசம்மா. அவளுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாராவாரம் டயாலிசிஸுக்கு மலையிலிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்கு அவளை இறக்கியாக வேண்டும். அவர்கள் ஊருக்கு பஸ் வருகிற நேரத்தை நம்பினால் காரியம் ஆகாது. பைக்தான் கதி. அந்த பைக்கின் பெல்ட் ஒருமுறை கொண்டையூசி வளைவில் அறுந்தது. மாற்றிய பெல்ட்டும் போன வாரம் அறுந்தது. அன்றைக்குச் சிகிச்சை தவறிப்போய், ராசம்மா மூச்சு வாங்கிக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாள். நாளை மறுபடியும் போக வேண்டும். மூன்றாவது பெல்ட்டைத் தளர்வாக மாட்டி, ராசம்மாவையும் பின்னால் ஏற்றிக்கொண்டு தெரஸிடம் வந்தவர், இதை அறுபட விடுவதில்லை என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"நீங்களே வைங்க, பாக்கறேன்" என்றாள் தெரஸ்.

மாதேசன் மனைவியை இறக்கி, புங்கமர நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினார். பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. அச்சின் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கும் இரண்டு பக்க அட்ஜஸ்டர் போல்ட்டுகளையும் ஒரே அளவு திருகினார். சக்கரம் கோணாமல் நிற்கிறதா என்று அளந்து பார்த்தார். பெல்ட்டின் இறுக்கத்தைச் சொல்லும் கேஜை மாட்டி அழுத்தினார். முள் சரியான இடத்தில் நின்றது. முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனரால் நட்டை முறுக்கினார். முறுக்கியதில் அளவு நகர்ந்திருக்குமோ என்று மறுபடியும் கேஜை மாட்டினார். நகரவில்லை. குறை சொல்ல இடமில்லாத வேலை. செயினாக இருந்தால் கைப்பழக்கத்தில் கொஞ்சம் தொங்கல் விட்டிருப்பார். கையில் கேஜ் என்று ஒன்று வந்த பிறகு அது சொன்னதே வேதவாக்கு.

"போன தடவையும் இப்படித்தான் வெச்சீங்களா?"

"அச்சு அசலா இப்படித்தானுங்க. கேஜு புதுசு, ஸ்பேனர் புதுசு. அப்பவும் அறுந்துச்சு. எங்கிட்ட இன்னும் என்ன சாமான் குறையுதுங்க வாத்தியாரம்மா? சொல்லுங்க. எங்க கெடைச்சாலும் வாங்கியாந்துடறேன்."

தெரஸ் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். மரத்தடிக்குப் போய் ராசம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து பின்சீட்டில் உட்கார வைத்தாள். மாதேசன் உட்காரும் இடத்தில் தான் ஏறிக் காலூன்றிக்கொண்டாள். ஸ்பிரிங் அமுங்கி வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது.

"இப்ப மாட்டுங்க கேஜை."

மாட்டினார். அழுத்தினார். பெல்ட் அசைந்து கொடுக்கவில்லை. துணி காயப்போடும் கம்பி போல விறைத்து நின்றது. முள் அளவைத் தாண்டி எங்கோ போயிருந்தது. நம்பாமல் சக்கரத்தைக் கொஞ்சம் உருட்டச் சொல்லி இன்னொரு இடத்திலும் பார்த்தார். அங்கேயும் அதே கதை.

இத்தனை நாளும் பெல்ட் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தவர் அவர். இப்போது யாரைத் திட்டுவது என்று தெரியாமல் ஸ்பேனரை எடுத்தார். விடிவதற்குள் இதைச் சரியாக வைத்தே தீருவேன் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"மறுக்கா தளத்தி வெக்கறேனுங்க" என்றவர், மனைவியை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நீ எறங்கி அப்படி நெழல்ல உக்காரு புள்ள" என்றார்.

ராசம்மாவும் பழக்கம் மாறாமல் இறங்குவதற்குக் காலை நகர்த்தினாள்.

தெரஸ் திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்கக்கா. ரெண்டு தடவையும் அண்ணன் உங்களை எறக்கி உட்டுட்டுத்தான் எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னாரு."